காம்பாக்ட் கேமரா மக்கர் பண்ணுகிறதா? கடைக்கு ஓடும் முன் இதைப் பாருங்கள்

பீரோவில் பல வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்த குட்டி டிஜிட்டல் கேமராக்கள் இப்போது மறுபடி வெளியே வருகின்றன. சித்தப்பா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது, அக்கா கல்யாணத்துக்காக வாங்கியது என்று வீட்டுக்கு ஒன்று எங்காவது கிடக்கும். அதைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் ஏற்காடு ஏறுகிறார்கள். பாதி வழியில் "லென்ஸ் எரர்" என்று வருகிறது, அல்லது ஆன் ஆகவே மாட்டேன் என்கிறது, அல்லது எடுத்த படமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழுந்து கிடக்கிறது. உடனே "கேமரா போச்சு" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்.

பெரும்பாலும் போயிருக்காது. இந்த வகை கேமராவில் வரும் தொல்லைகளில் முக்கால்வாசி பேட்டரியிலோ கார்டிலோ ஏதாவது ஒரு செட்டிங்கிலோதான் முடியும். மிச்சத்தில் பாதிக்குக் காரணம் நம்ம சேலத்து வெயிலும் ஏற்காட்டு மலையின் ஈரமும். காசு செலவில்லாத சோதனையை முதலில், செலவுள்ளதைக் கடைசியில் என்ற வரிசையில் போனால், கடைக்காரரிடம் போக வேண்டியது ஒன்றிரண்டு கேஸ்தான் இருக்கும்.

முதல் சோதனை: அந்த முக்கோண பட்டன்

எந்தக் கோளாறாக இருந்தாலும் இதிலிருந்து ஆரம்பியுங்கள். பவர் பட்டனை விட்டுவிட்டு, எடுத்த படத்தைப் பார்ப்பதற்கான முக்கோணக் குறி போட்ட பட்டனை ஒன்றிரண்டு நொடி அழுத்திப் பிடியுங்கள். பெரும்பாலான காம்பாக்ட் கேமராக்கள் லென்ஸை வெளியே நீட்டாமல் திரையை மட்டும் ஆன் செய்யும். பழைய படம் தெரிந்துவிட்டால் பேட்டரி, திரை, கார்டு மூன்றும் உயிரோடு இருக்கின்றன, கோளாறு பெரும்பாலும் லென்ஸ் பக்கம்தான் என்று அந்த நொடியிலேயே தெரிந்துவிடும். ஒன்றுமே வரவில்லையா, பேட்டரிப் பக்கம் போங்கள்.

இன்னொரு நிலைமை உண்டு. பழைய படங்கள் நன்றாகத் தெரிகின்றன, ஆனால் புதிதாக எடுக்கப் போனால் திரை கருப்பாக இருக்கிறது, எடுத்த படமும் கருப்பு. அப்படியென்றால் லென்ஸுக்குள் இருக்கும் ஷட்டர் இதழ் மூடியபடி மாட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது படத்தைப் பிடிக்கும் சில்லான சென்சார் போயிருக்கலாம். படம் ஊதா நிறமாகவோ கோடுகோடாகக் கலைந்தோ வந்தால் சென்சார்தான். 2000-களின் தொடக்கத்தில் வந்த கேமரா என்றால் இதில் ஒரு சரித்திரமே இருக்கிறது: அந்தக் காலத்தில் சோனி செய்து பல கம்பெனிகளுக்கு விற்ற சிசிடி வகை சென்சார்களில் ஒரு பகுதி, சூடும் ஈரமும் உள்ள இடங்களில் உள்ளே கம்பி இணைப்பு விட்டுப்போய் இப்படித்தான் செத்தன. 2005-இல் கேனான், நிக்கான், ஃபுஜிஃபில்ம் என்று வரிசையாக அறிவித்து இலவசமாக மாற்றித் தந்தார்கள். இப்போது மாற்றித் தர யாருமில்லை. ஆகவே பழைய கேமரா விலைக்கு வாங்கும்போது கையில் வாங்கியதும் ஒரு படம் எடுத்துப் பாருங்கள், வெளியே அழகாக இருக்கிறதே என்று மயங்காதீர்கள்.

ஆன் ஆகவில்லை, அல்லது ஆன் ஆனதும் அணைந்துவிடுகிறது

பென்சில் செல் போடும் கேமராவா, தனி லித்தியம் பேட்டரி போடும் கேமராவா என்று பாருங்கள். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

பென்சில் செல் வகையில் நம்மவர்கள் செய்யும் முதல் காரியம், சுவர்க் கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் போடுகிற மலிவான செல் இரண்டைப் போடுவது. அது கடிகாரத்தை ஒரு வருஷம் ஓட்டும். ஆனால் கேமரா லென்ஸ் மோட்டாரை நீட்டும்போதும் ஃபிளாஷுக்கு மின்சாரம் ஏற்றும்போதும் ஒரே மூச்சில் நிறைய கரண்ட் கேட்கிறது, அந்தச் செல்லால் கொடுக்க முடியாது. லென்ஸ் பாதி வெளியே வந்து நிற்கும், திரையில் பேட்டரி காலி என்று சிவப்பாக வரும். செல் புதுசுதானே என்று நீங்கள் குழம்புவீர்கள். அல்கலைன் என்று எழுதியிருக்கும் செல் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். உண்மையான தீர்வு, ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல், 2000 எம்ஏஹெச் அல்லது அதற்கு மேல். இதில் வோல்ட் 1.5-க்குப் பதிலாக 1.2 என்று போட்டிருக்கும், பயப்பட வேண்டாம், கரண்ட் கொடுக்கும் திறமை இதற்குத்தான் அதிகம். சில கேமராக்களின் மெனுவில் பேட்டரி வகை என்று ஒரு செட்டிங் இருக்கும், அதையும் மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் நிறைய சார்ஜ் இருக்கும்போதே காலி என்று பொய் சொல்லும்.

இந்த வகை கேமராவில் அடுத்த பிரச்சனை பேட்டரி மூடி. மூடியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் மூக்கு இருக்கும், அது உள்ளே ஒரு சுவிட்சை அழுத்தினால்தான் கேமராவுக்கு மூடி மூடியிருப்பது தெரியும். மூக்கு உடைந்தாலோ மூடி லேசாகத் தூக்கி நின்றாலோ கேமரா செத்த மாதிரி கிடக்கும். மூடியை விரலால் இறுக்கி அழுத்திக்கொண்டு ஆன் செய்து பாருங்கள். ஆன் ஆகிவிட்டால் ஒரு ரப்பர் பேண்டு போதும், வேலை ஓடும். அழகாக இருக்காது, ஆனால் ஓடும்.

செல்லை உள்ளேயே விட்டு வருஷக்கணக்கில் வைத்திருந்தால் கசிந்து, கம்பியில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும். காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஒரு சொட்டு வினிகர் தொட்டுத் தேய்த்து, பிறகு தண்ணீர் தொட்ட குச்சியால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். லேசான அழுக்கு மட்டும் என்றால் பள்ளிக்கூடத்து ரப்பரே போதும்.

லித்தியம் பேட்டரி வகையில் பத்து வருஷம் சும்மா கிடந்த பேட்டரி பெரும்பாலும் திரும்பி வராது. சார்ஜரில் போட்டதும் உடனே பச்சை விளக்கு எரிந்தாலோ, விடாமல் வேகமாக மினுக்கினாலோ பேட்டரி முடிந்தது என்று அர்த்தம். பேட்டரியின் மேல் எழுதியிருக்கும் எண்ணை அப்படியே சொல்லி மாற்று பேட்டரி வாங்கலாம், வேறு கம்பெனி தயாரிப்பும் பரவாயில்லை. சில மாடல்கள் மட்டும் தன் கம்பெனி பேட்டரி இல்லையென்றால் ஏற்க மறுக்கும், வாங்கும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் கதை முடிந்தது. அமுக்கிப் பார்ப்பது, குத்திப் பார்ப்பது, வம்படியாக உள்ளே திணிப்பது எதுவும் கூடாது. உப்பியதை மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

உப்புவதற்கு ஒரு காரணம் நம் பழக்கம். இந்த கேமராக்களின் கையேட்டில் 0 முதல் 40 டிகிரி வரை பயன்படுத்தலாம் என்றுதான் பொதுவாகப் போட்டிருக்கும். ஏப்ரல், மே மாதத்தில் சேலத்தில் நிழலிலேயே 40-ஐத் தொடுகிறது. புதிய பேருந்து நிலையம் பக்கம் வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டு டேஷ்போர்டில் கேமராவை வைத்தால் அது என்ன கதிக்கு ஆளாகும் என்று யோசியுங்கள். சீட்டுக்கு அடியில், பைக்குள், துணியில் சுற்றி வைத்தாலே பாதி காப்பாற்றிய மாதிரி.

குளிரைப் பற்றி ஒரு மூடநம்பிக்கை உண்டு. மார்கழியில் ஏற்காட்டில் பேட்டரி சீக்கிரம் தீர்ந்தால் "குளிர் அப்படி" என்பார்கள். அங்கே விடியற்காலையில் 13 டிகிரி இருந்தால் அதிகம் குளிர் என்கிறோம். லித்தியம் பேட்டரி கண்ணுக்குத் தெரியும்படி தளர்வது பூஜ்யத்தை நெருங்கும்போதுதான். ஏற்காட்டில் சீக்கிரம் தீர்ந்தால் உங்கள் பேட்டரி கிழடு, அவ்வளவுதான்.

கார்டு தகராறு

"கார்டு லாக்டு" என்று வந்தால் எஸ்டி கார்டின் ஓரத்தில் இருக்கும் சின்ன நகர்வுப் பொத்தானைப் பாருங்கள். உள்ளே தள்ளும்போது உரசித் தானே கீழே இறங்கியிருக்கும். மேலே தள்ளுங்கள், சரியாகிவிடும். மைக்ரோ எஸ்டியை அடாப்டரில் போட்டிருந்தால் அடாப்டரிலும் அதே பொத்தான் உண்டு.

"கார்டு எரர்" என்று வந்தால், முதலில் கார்டின் அளவைப் பாருங்கள். பழைய கேமராவுக்குப் புதுக் கார்டு வாங்குபவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான். சாதாரண எஸ்டி என்பது 2 ஜிபி வரை. அதற்கு மேல் 32 ஜிபி வரை எஸ்டிஹெச்சி, இது 2006-இல் வந்தது. 32-க்கு மேல் எஸ்டிஎக்ஸ்சி, 2009-இல் அறிவித்தது. மூன்றும் பார்க்க ஒரே வடிவம், ஒரே துளையில் நுழையும். ஆனால் 2005-இல் வந்த கேமராவுக்கு 64 ஜிபி கார்டு என்றால் என்னவென்றே தெரியாது. வீட்டில் கிடக்கும் பழைய பட்டன் போனுக்குள் 2 ஜிபி மைக்ரோ எஸ்டி இருக்கிறதா என்று பாருங்கள், அடாப்டரில் போட்டால் வேலை ஓடிவிடும். 2008, 2009-க்குப் பிந்தைய கேமராவுக்கு 8 அல்லது 16 ஜிபி வாங்குவது பாதுகாப்பு. அதற்கு மேல் வாங்கி என்ன செய்யப் போகிறீர்கள், படம் ஒன்று மூன்று நான்கு எம்பிதானே.

எல்லா கேமராவும் எஸ்டி எடுக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழைய ஒலிம்பஸ், ஃபுஜிஃபில்ம் கேமராக்கள் பல எக்ஸ்டி என்ற வேறு கார்டு கேட்கும். பழைய சோனி மெமரி ஸ்டிக் கேட்கும். இவை இப்போது தேடிப் பிடித்து வாங்க வேண்டிய பொருள்கள். செகண்ட் ஹேண்டில் கேமரா மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி, பிறகு கார்டுக்கு அதே அளவு காசு கொடுத்தவர்கள் உண்டு.

அளவு சரி, ஆனாலும் எரர் வருகிறது என்றால் படங்களை எடுத்து வைத்துவிட்டு கேமராவின் மெனுவுக்குள்ளேயே ஃபார்மட் செய்யுங்கள். கம்ப்யூட்டரில் ஃபார்மட் செய்தது சில கேமராக்களுக்குப் பிடிக்காது. கார்டு போட்டும் ஏழெட்டுப் படத்திலேயே "மெமரி ஃபுல்" என்று வந்தால், கார்டு சரியாக உட்காரவில்லை, கேமரா தன் உள்நினைவகத்தில் சேமிக்கிறது. கிளிக் என்று சத்தம் வரும்வரை கார்டைத் தள்ளுங்கள். உள்நினைவகத்தில் மாட்டிய படங்களைக் கார்டுக்கு மாற்ற மெனுவில் காப்பி என்று இருக்கும், அல்லது கார்டை எடுத்துவிட்டு கேபிள் போட்டு எடுக்கலாம்.

தெரியாமல் படங்களை அழித்துவிட்டீர்களா? அந்தக் கார்டில் இன்னொரு படம்கூட எடுக்காதீர்கள். கேமரா அழிக்கும்போது படத்தின் முகவரியைத்தான் அழிக்கிறது, படம் அங்கேயே கிடக்கும். மேலே புதுப்படம் வந்து உட்கார்ந்தால்தான் நிரந்தரமாகப் போகும். கார்டைக் கழற்றி வீட்டுக்கு வந்து கார்டு ரீடரில் போட்டு, ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள். மீட்டதைக் கம்ப்யூட்டரில் சேமியுங்கள், அதே கார்டில் சேமித்துவிடாதீர்கள்.

லென்ஸ் எரர்

இதுதான் எல்லோரையும் பயமுறுத்தும். கேனானில் "லென்ஸ் எரர், ரீஸ்டார்ட் கேமரா" என்று வரும், அதைவிடப் பழையதில் ஈ18. சோனியில் சி:32 அல்லது ஈ:61 என்று எண்ணாக வரும். லென்ஸ் வெளியே நீண்டபடி அப்படியே நிற்கும். உள்ளே இருப்பது சின்னச் சின்ன பிளாஸ்டிக் பல்சக்கரங்கள், அவற்றில் ஒரு மணல் துகள் மாட்டினாலும் மோட்டார் முக்கிப் பார்த்துவிட்டுக் கைவிட்டுவிடும். பையில் போட்ட கேமரா அழுத்தப்பட்டுத் தானே ஆன் ஆகி, லென்ஸ் நீள இடமில்லாமல் முட்டி நின்றாலும் இதே எரர்தான். வரிசையாக இப்படிச் செய்யுங்கள்:

1. ஆஃப் செய்து பேட்டரியையும் கார்டையும் கழற்றி ஒரு பத்து நிமிஷம் வையுங்கள்.
2. முழு சார்ஜ் ஏற்றிய பேட்டரியைப் போடுங்கள். சார்ஜ் குறைவால் லென்ஸ் பாதியில் நின்றிருந்தால் இதிலேயே முடிந்துவிடும். இந்தப் படியைத் தாண்டிப் போவதற்குள் கேமரா சரியாகிவிட்டது என்பவர்கள்தான் அதிகம்.
3. சரியாகவில்லையா? லென்ஸ் தரையைப் பார்க்கும்படி கவிழ்த்துப் பிடித்து, லென்ஸ் குழாயைச் சுற்றியுள்ள இடுக்கில் ரப்பர் பல்பு ஊதியால் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் போகும். மெல்லிய காகிதத் துண்டை இடுக்கில் விட்டுச் சுற்றிவந்தால் துகள் எங்கே மாட்டியிருக்கிறது என்பது கைக்குத் தட்டுப்படும்.
4. கவிழ்த்துப் பிடித்தபடியே ஆன் செய்யுங்கள். பக்கவாட்டில் உள்ளங்கையால் மெதுவாக இரண்டு தட்டு தட்டலாம்.
5. லென்ஸ் கோணலாக நிற்கிறது என்றால் கீழே விழுந்திருக்கிறது. குழாய் தடத்திலிருந்து விலகியிருக்கும். விரலால் நேராக்கி மெல்ல அழுத்தி உட்காரவைப்பவர்கள் உண்டு. கடையில் கொடுக்கப்போவதில்லை, இழக்க ஒன்றுமில்லை என்றால் மட்டும் செய்து பாருங்கள்.

யூடியூபைப் பார்த்து ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்துவிடாதீர்கள். ஃபிளாஷுக்கு மின்சாரம் சேமித்து வைக்கும் கெப்பாசிட்டர் உள்ளே இருக்கிறது, அதில் சுமார் 300 வோல்ட் நிற்கும், பேட்டரியைக் கழற்றிய பிறகும் வெகுநேரம் நிற்கும். கை பட்டால் தூக்கி அடிக்கும். திறப்பது தெரிந்தவர் வேலை.

லென்ஸ் முன்னால் இருக்கும் இரண்டு மூடி இதழ்கள் பாதி மூடி, படத்தின் மூலையெல்லாம் கருப்பாக விழுந்தால் அது வேறு, சின்ன விஷயம். பிசுபிசுப்பு அல்லது தூசு. ஊதி, காய்ந்த மெல்லிய தூரிகையால் தட்டிவிட்டு, பலமுறை ஆன் ஆஃப் செய்தால் பெரும்பாலும் இளகிவிடும். எண்ணெய் விடாதீர்கள், தயவுசெய்து தேங்காய் எண்ணெய் விடாதீர்கள்.

மலை ஏறி இறங்கும் கேமரா

சேலம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் கீழே. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர், சேர்வராயன் கோயில் 1,600-ஐத் தாண்டும். 20 கொண்டை ஊசி வளைவுக்குள், ஒரு மணி நேரத்தில், எட்டு டிகிரி வெப்பம் இறங்கி ஈரம் ஏறிவிடுகிறது. இந்த மாற்றத்தை கேமரா எப்படி எடுத்துக்கொள்கிறது என்பது தெரிந்தால் பல தொல்லை குறையும்.

லென்ஸில் பனி படிவது மேலே ஏறும்போது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள்: சேலத்துச் சூட்டோடு ஏறிய கேமரா அங்குள்ள காற்றைவிடச் சூடானது, சூடான கண்ணாடியில் நீர் படியாது. மேகத்துக்குள்ளேயே நின்று படம் எடுத்தால் துளிகள் நேராக வந்து ஒட்டும், அதைத் துடைத்துவிடலாம். நிஜமான பனி படிவது இறங்கிய பிறகு. இரவெல்லாம் மலையில் குளிர்ந்து கிடந்த கேமராவை ஐப்பசி, கார்த்திகை மாதத்தில் பைக்கில் கொண்டுவந்து அடிவாரத்தில் டீ குடிக்கும்போது வெளியே எடுத்தால், கீழ்க்காற்றின் ஈரம் அந்தக் குளிர்ந்த உடம்பின் மேல் உள்ளும் புறமும் படியும். நன்றாக ஏசி போட்ட காரிலிருந்து இறங்கும்போதும் அதே கதை. வெளியே படிந்தது துடைத்தால் போகும், லென்ஸுக்குள் படிந்தது போகாது. அதனால் இறங்கும்போது கேமராவை ஜிப் போட்ட பைக்குள், முடிந்தால் ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் கட்டிவையுங்கள். வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் கழித்து, கவர் ஊர்ச் சூட்டுக்கு வந்த பிறகு திறங்கள். ஏற்கெனவே மங்கிவிட்டதென்றால் ஆன் செய்யாமல் பேட்டரி எடுத்து, மூடிகளைத் திறந்து ஃபேன் காற்றில் வையுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம், பிளாஸ்டிக் நெளியும்.

நனைந்துவிட்டால், கிளியூர் அருவிச் சாரலோ ஏரியில் படகுத் துடுப்பு அடித்த தண்ணீரோ, முதல் வேலை பேட்டரியைக் கழற்றுவது. "வேலை செய்கிறதா பார்ப்போம்" என்று ஆன் செய்வதில்தான் நனைந்த கேமராக்கள் சாகின்றன. அரிசிக்குள் புதைக்கும் வைத்தியத்தால் பெரிய பலன் இல்லை, தவிடும் தூசும் லென்ஸ் இடுக்கில் போவதுதான் மிச்சம். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் இரண்டு நாள் வையுங்கள்.

மலையிலேயே குடியிருப்பவர்களுக்கு, காப்பி எஸ்டேட் பக்கம் வீடு உள்ளவர்களுக்குப் பெரிய எதிரி பூஞ்சை. லென்ஸைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் உள்ளே சிலந்தி வலை மாதிரி கிளை கிளையாகத் தெரியும். வந்துவிட்டால் காம்பாக்ட் கேமராவில் சுத்தம் செய்வது செலவுக்குக் கட்டுப்படியாகாது, வராமல் பார்த்துக்கொள்வதுதான் வழி. தோல் உறையில் போட்டு அலமாரிக்குள் வைப்பதுதான் இருப்பதிலேயே மோசம், தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். சமையலறையில் பயன்படும் இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், அவ்வளவு போதும். நீல நிற ஜெல் ரோஸ் நிறமாக மாறினால் ஈரம் குடித்துவிட்டது, மெல்லிய சூட்டில் வறுத்தால் திரும்ப நீலமாகும். அந்த நீல ஜெல்லில் கோபால்ட் இருக்கிறது, சாப்பாட்டுப் பாத்திரத்தில் வறுக்காதீர்கள். மாதத்துக்கு ஒருமுறை கேமராவை எடுத்து நாலு படம் எடுப்பதும் ஒரு வைத்தியம்தான், வெளிச்சம் பூஞ்சைக்குப் பிடிக்காது.

இனி படத்தில் வரும் மலைத் தொல்லைகள். மேகமூட்டத்தில் எடுத்த படமெல்லாம் வெள்ளை வட்டம் வட்டமாக வருகிறதென்றால் பேய் இல்லை, ஃபிளாஷ். லென்ஸுக்குப் பக்கத்திலேயே ஃபிளாஷ் இருப்பதால் முன்னால் மிதக்கும் துளிகளில் பட்டு நேராகத் திரும்பி வருகிறது. மின்னல் குறியில் கோடு போட்ட செட்டிங்கிற்கு மாற்றி ஃபிளாஷை அணையுங்கள். பகோடா பாயிண்டில் எடுத்த மேகம் வெள்ளையாக இல்லாமல் அழுக்குச் சாம்பலாக வருகிறதா? கேமரா எந்தக் காட்சியையும் நடுத்தர சாம்பல் நிறமாக்கப் பார்க்கும், அது அதன் பிறவிக் குணம். கூட்டல் கழித்தல் குறி போட்ட எக்ஸ்போஷர் செட்டிங்கில் +0.7 அல்லது +1 வையுங்கள், மேகம் வெளுக்கும். வேலை முடிந்ததும் 0-க்குக் கொண்டுவர மறந்தால் அடுத்த நாள் வெயிலில் எல்லாம் வெளுத்துப்போகும், அதைக் கோளாறு என்று நினைத்துக் கடைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

மேகத்தில் ஃபோகஸ் பிடிக்காமல் லென்ஸ் முன்னும் பின்னும் போய்வந்துகொண்டே இருக்கும். இந்த கேமராக்கள் வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் விளிம்பைப் பார்த்துத்தான் ஃபோகஸ் செய்கின்றன, மேகத்துக்கு விளிம்பு ஏது? எஸ்டேட்டில் மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரம் இருக்குமே, அதன் தண்டின் ஓரத்தைப் பார்த்துப் பட்டனைப் பாதி அழுத்தி, பச்சைக் கட்டம் வந்ததும் விடாமல் பிடித்துக்கொண்டு, வேண்டிய பக்கம் திருப்பி முழுசாக அழுத்துங்கள். மரமும் எடுக்கும் பொருளும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். தொலைவுக் காட்சி மட்டும் என்றால் மலைக் குறி போட்ட செட்டிங் இருக்கும், அதை வைத்தால் ஃபோகஸ் தேடாது.

அப்புறம், மணிக்கட்டுக் கயிறு. லேடீஸ் சீட்டில் குரங்கிடம் கேமராவைப் பறிகொடுத்தால் அதற்கு இந்தக் கட்டுரையில் வைத்தியம் இல்லை.

படம் மங்கலாக இருக்கிறது

மங்கல் என்று பொதுவாகச் சொன்னால் வைத்தியம் கிடைக்காது. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மொத்தப் படமும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. ஆள் மட்டும் இழுபட்டு, பின்னால் சுவர் தெளிவாக இருந்தால் ஆள் ஆடியிருக்கிறார். முகம் மங்கி, பின்னால் உள்ள சுவர் தெளிவாக இருந்தால் ஃபோகஸ் தவறிவிட்டது. எல்லாமே பால் ஊற்றிய மாதிரி வெளிறியிருந்தால் லென்ஸில் விரல் ரேகை, சுத்தமான பருத்தித் துணியால் வட்டமாகத் துடையுங்கள். பூ குறி திரையில் தெரிந்தால், கிட்டத்துப் பொருளை எடுக்கும் மேக்ரோவில் விட்டிருக்கிறீர்கள், தூரத்துக் காட்சி தடுமாறும்.

ஆடியில் கோட்டை மாரியம்மன் கோயில் திருவிழாவில் இரவில் எடுக்கும் படங்கள் ஏன் கருப்பாக வருகின்றன என்று கேட்பார்கள். இந்தக் குட்டி ஃபிளாஷ் எட்டுவது மூன்று, நான்கு மீட்டர். தேர் நிற்பது அதற்கு வெகு தூரத்தில். முன்னால் நிற்பவரின் முதுகு மட்டும் வெள்ளையாகத் தெரியும். ஃபிளாஷை அணைத்து, வெளிச்ச உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 400 அல்லது 800 வைத்து, ஏதாவது கம்பத்தில் சாய்ந்துகொண்டு எடுங்கள். கொஞ்சம் புள்ளிபுள்ளியாக வரும், பரவாயில்லை. அசையாத பொருளுக்கு 2 நொடி டைமர் வைத்தால் பட்டன் அழுத்தும் ஆட்டமும் போய்விடும். ஃபிளாஷ் வேண்டும்போது அடிக்காவிட்டால் தொடர்படம், வீடியோ மாதிரி ஏதாவது முறையில் இருக்கிறதா என்று பாருங்கள், அவற்றில் அடிக்காது.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசு, வெள்ளிச் சாமான் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கருப்பு வெல்வெட்டில் வைத்து எடுத்தால் வெள்ளி வெளுத்து வேலைப்பாடே தெரியாது, வெள்ளைக் காகிதத்தில் வைத்தால் அழுக்காகத் தெரியும். மேலே சொன்ன அதே சாம்பல் புத்திதான். கருப்புத் துணிக்கு -0.7, வெள்ளைத் தாளுக்கு +0.7 வைத்துப் பாருங்கள். ஃபிளாஷ் கூடவே கூடாது. ஜன்னல் பக்கம் வைத்து, ஜன்னலில் ஒரு வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டால் வெளிச்சம் பரவி விழும். கடை விளக்கில் எடுத்து வெள்ளி மஞ்சளாக, கவரிங் மாதிரித் தெரிந்தால் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவிலிருந்து பல்ப் குறிக்கு மாற்றுங்கள். மேக்ரோவைப் போட்டு ஜூம் செய்யாமல் கேமராவையே கிட்டே கொண்டுபோங்கள், ஜூம் செய்தால் அத்தனை கிட்டே ஃபோகஸ் ஆகாது.

தறிக்கூடத்தில், கடைகளில் எல்இடி, டியூப் லைட்டில் வீடியோ எடுத்தால் கோடுகள் ஓடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கிறது. மெனுவில் வீடியோ சிஸ்டம் என்ற இடத்தில் என்டிஎஸ்சி (NTSC) இருந்தால் பால் (PAL) என்று மாற்றுங்கள், சில மாடலில் ஃபிளிக்கர் 50 என்று இருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்த கேமராவில் இது பெரும்பாலும் 60-இல்தான் இருக்கும். பழைய சிசிடி கேமராவில் சூரியனையோ பெரிய விளக்கையோ பார்த்தால் திரையில் நெட்டுக்குத்தாக ஊதாக் கோடு விழும், அது அந்த சென்சாரின் சுபாவம், பழுதில்லை.

சில்லறை விஷயங்கள்

தேதி கேட்டுக்கொண்டே இருக்கிறதா? தேதியை நினைவில் வைக்க உள்ளே ஒரு குட்டி செல் உண்டு, பெரிய பேட்டரியிலிருந்து அது சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். நிறைந்த பேட்டரியை ஒரு நாள் முழுக்க உள்ளே விட்டுவிடுங்கள். பழைய கேனான் சிலவற்றில் அது கழற்றி மாற்றும் பொத்தான் செல்.

திரை கருப்பு, ஆனால் படம் பதிவாகிறது: டிஸ்ப் என்ற பட்டனை இரண்டு மூன்று முறை அழுத்துங்கள்.

கம்ப்யூட்டர் கேமராவைக் கண்டுகொள்ளவில்லை: சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளாக இருக்கலாம். கேபிளோடு போராடாமல் கார்டு ரீடர் ஒன்று வாங்குங்கள், ஓடிஜி முனை உள்ளதாக வாங்கினால் போனிலும் நேராகச் செருகிக்கொள்ளலாம். படங்கள் டிசிஐஎம் என்ற ஃபோல்டருக்குள் இருக்கும்.

மெனு முழுக்க ஜப்பானிய மொழியில் இருந்தால், ஜப்பான் சந்தைக்கான மாடலாக இருக்கலாம். மொழி மாற்றும் வசதியே சிலவற்றில் கிடையாது, வாங்கும் முன் மெனுவைத் திறந்து பாருங்கள்.

எதுவுமே பிடிபடாவிட்டால், மெனுவில் ரீசெட் ஆல் இருக்கும். ஒருமுறை செய்துவிடுங்கள். யாரோ எப்போதோ தட்டிய செட்டிங் எல்லாம் போய்விடும், படங்கள் போகாது.

கடைக்குப் போக வேண்டியது எப்போது

லென்ஸ் மோட்டார் கரகரவென்று சத்தம் போட்டும் நகரவில்லை, சென்சார் போய்விட்டது, திரையில் விரிசல் விட்டுவிட்டது: இந்த மூன்றுக்குக் கடைதான். லென்ஸ் என்றால் முழு லென்ஸ் யூனிட்டையும் மாற்றுவார்கள், பழைய மாடலுக்குப் புது யூனிட் வராது, இன்னொரு செத்த கேமராவிலிருந்து கழற்றித்தான் போடுவார்கள். அதனால் முதலில் விலை கேளுங்கள், அதே மாடல் செகண்ட் ஹேண்டில் என்ன விலைக்குப் போகிறது என்று பாருங்கள், பிறகு கொடுங்கள். திறந்து பார்ப்பதற்கு மட்டும் தனிக் காசு உண்டா என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். கொடுக்கும் முன் கார்டைக் கழற்றிக்கொள்ளுங்கள், உள்நினைவகத்தில் வீட்டுப் படங்கள் ஏதும் இருந்தால் எடுத்துக்கொண்டு அழித்துவிடுங்கள். பேட்டரியைக் கொடுக்கத்தான் வேண்டும், சோதிக்க அவருக்கு வேண்டுமே. கேமராவின் அடியில் உள்ள சீரியல் எண்ணை போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு ரசீது வாங்கிவிட்டுக் கிளம்புங்கள்.